ஏழாம் நம்பர் வண்டிக்கு நடந்த மரியாதை

மிளகும் சுக்கும் கப்பலேறத் தொடங்கிய காலம் முதல் இன்றுவரை மட்டாஞ்சேரி கண்டிராத ஒரு மகத்தான சம்பவம் நிகழவிருப்பதாக, ஞானசரணி பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் உலகத்துக்குப் பெருமிதத்துடன் தெரிவித்துக்கொண்டது. மார்ச் மாதத்து இரண்டாம் வியாழக்கிழமை, காலை எட்டரை மணிக்கு, பள்ளியின் பன்னிரண்டு பேருந்து ஓட்டுநர்களுக்கும் மேடையில் வைத்து, மாணவச் செல்வங்களின் பிஞ்சுக் கரங்களால் பாதபூஜை செய்யப்படும். விழாவின் பெயர் ‘சாரதி வந்தனம்’. மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்த பிறகு, அதை ஓட்டுகிறவனுக்குச் செய்கிற முதல் மரியாதை இதுதான் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருந்தது. அழைப்பிதழின் அட்டையில் சங்கத் தலைவர் வெங்கடேஸ்வரன் கைகூப்பிச் சிரித்தார். உள்ளே சிறப்பு விருந்தினர் சிரிக்காமல் இருந்தார். பந்தலுக்கும் பாயசத்துக்கும் உபயம் செய்தவர்கள் அதற்கடுத்த பக்கத்தில் வட்ட வட்டமாக இருந்தார்கள். பின்னட்டையில் ஒரு மஞ்சள் பஸ். இணையத்திலிருந்து எடுத்த ஏதோ அமெரிக்க பஸ், ஸ்டியரிங் இடது பக்கம். ஓட்டுநர்கள் படம் மட்டும் இல்லை. இடம் போதவில்லையாம்.

ஏழாம் நம்பர் வண்டி ஓட்டுகிற அழகருக்கு அழைப்பிதழ் வரவில்லை, சுற்றறிக்கைதான் வந்தது. போக்குவரத்து மேனேஜர் ரமேஷ்பாபு கையெழுத்திட்டது. எல்லா ஓட்டுநர்களும் புது வெள்ளைச் சட்டையில் வர வேண்டும். கால் நகம் வெட்டியிருக்க வேண்டும். குதிகால் வெடிப்பு உள்ளவர்கள் மூன்று நாள் முன்னதாக அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும்.

“வெடிப்பு இருந்தா என்ன சார் பண்ணுவீங்க? பூசுவீங்களா?” என்று அழகர் கேட்டார்.

“அண்ணே, குளோசப் ஷாட் இருக்குண்ணே. லைவ் போகுது” என்றார் ரமேஷ்பாபு. அவருக்குக் காரியம் ஆகவேண்டியிருந்தால் அழகர் ‘அண்ணே’. காரியம் முடிந்துவிட்டால் ‘டிரைவர்’. ஒரே நாளில் நாலு தரம் அண்ணனாகவும் நாலு தரம் டிரைவராகவும் ஆகிப் பழகியவர் அழகர்.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கொச்சிக்கு வந்து பதினாலு வருஷம். அதில் ஒன்பது வருஷம் இந்த ஏழாம் நம்பர். பள்ளுருத்தியில் தொடங்கி, தோப்பும்படி சுற்றி, கொச்சங்காடியில் பள்ளி வாசலில் முடிகிற தடம். நாற்பத்தொரு பிள்ளைகள். எந்தப் பிள்ளை எந்த வளைவில் வாந்தி எடுக்கும், எந்தப் பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் முந்தின நாள் சண்டை போட்டார்கள், யார் யாருக்குத் தன் இட்லியைக் கொடுத்துவிட்டு யாருடைய கப்பைக் கிழங்கை வாங்கித் தின்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வகுப்பு டீச்சர் ஜூன் மாதம் மாறிவிடுவார், டிரைவர் மாறுவதில்லை. இதெல்லாம் பெரிய சேவை என்று அவர் நினைத்ததும் இல்லை. முன்னால் கண்ணாடி இருக்கிறது, அதில் பிள்ளைகள் தெரிகின்றன, அவ்வளவுதான்.

ஒரேயொரு பழக்கம் உண்டு. வண்டி நின்று பிள்ளைகள் இறங்கியதும், கடைசி சீட் வரை நடந்துபோய், ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் குனிந்து பார்ப்பார். தண்ணீர் பாட்டில் கிடக்கும், ஒற்றை ஷூ கிடக்கும், பாதி தின்ற முட்டை பப்ஸ் கிடக்கும். மூன்று வருஷத்துக்கு முன் ஒருநாள் ஒரு எல்கேஜி பிள்ளையே கிடந்தது, வாயில் விரலைப் போட்டுக்கொண்டு. அதற்குப் பிறகு அவர் குனிந்து பார்க்காமல் சாவியை உருவியதே இல்லை.

விழா நாள் காலையில் தோப்பும்படி நிறுத்தத்தில் யுகேஜி அம்ருதா ஏறினாள். ஏறினாள் என்பதைவிட ஏற்றப்பட்டாள். காக்கிச் சட்டை, தலையில் தொப்பி, கழுத்தில் நூல் கட்டித் தொங்கவிட்ட காகித ஸ்டியரிங். குட்டி டிரைவர் வேஷம். முகம் மட்டும் வாடிய வாழைப்பூ மாதிரி இருந்தது.

“அண்ணா, இவளுக்கு லேசா மேலு காயறது” என்றாள் அவளுடைய அம்மா சுபாஷிணி. எர்ணாகுளத்தில் ஏதோ ஆபீஸ் வேலை. கையில் கார் சாவியை ஆட்டிக்கொண்டே பேசினாள். “மருந்து குடுத்திருக்கேன். வழியிலே கொஞ்சம் தூங்குவா, சாரமில்லை, ஒண்ணும் ஆகாது.”

“காச்சப் பிள்ளைய ஏம்மா அனுப்புறீங்க? இன்னைக்கு ஒருநா வீட்ல படுக்கட்டுமே.”

“டான்ஸ் இருக்கோல்லியோ? ஒரு மாசமா பிராக்டீஸ். உங்களுக்காகத்தானே அண்ணா இந்த டான்ஸே!”

தன்னைக் கௌரவிப்பதற்காகக் காய்ச்சலில் ஒரு குழந்தை ஆடப்போகிறது என்று கேட்டதும் அழகருக்கு நாக்கின் அடியில் ஏதோ கசந்தது. வண்டி ஆயா பாக்கியலக்ஷ்மி அவளைத் தூக்கிக்கொண்டு போய்க் கடைசி நீள சீட்டில் படுக்கவைத்துவிட்டு வந்தாள். “அனலா கொதிக்குதுண்ணே” என்றாள். “இறங்கும்போது நான் தூக்கிக்கிறேன்.”

பள்ளி வாசலுக்கு வந்தபோது எட்டு பத்து. முற்றம் முழுக்கப் பந்தல். வாசலில் செண்டை மேளம். மேளம் கேட்டதும் பிள்ளைகள் மூட்டை அவிழ்ந்த நெல்லிக்காயாக இறங்கி ஓடின. டிரைவர் பக்கத்துக் கதவை வெளியிலிருந்து யாரோ திறந்தார்கள். ரமேஷ்பாபு.

“அண்ணே, சாவி குடுங்க. வண்டிய நான் போடுறேன். சீஃப் கெஸ்ட் வந்தாச்சு, ஓடுங்க.”

“ஒரு நிமிஷம் சார், பின்னால ஒரு பிள்ளை...”

“பாக்கியக்கா இருக்காங்கல்ல? பாத்துக்குவாங்க. மேடையில உங்க சீட்டு மட்டுந்தாண்ணே காலி!”

கையைப் பிடித்து இழுத்தே இறக்கிவிட்டார். அழகர் திரும்பிப் பார்த்தார். பாக்கியலக்ஷ்மி வண்டிக்குள் தெரியவில்லை. பிள்ளையைத் தூக்கத்தான் பின்னால் குனிந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு மேடைக்குப் போனார்.

பாக்கியலக்ஷ்மி பின்னால் குனிந்திருக்கவில்லை. சிறப்பு விருந்தினரை வரவேற்கத் தட்டும் விளக்குமாக வரிசையில் நிற்க வேண்டும். அந்தத் தாலப்பொலி வரிசையில் ஓராள் குறைந்தது. வண்டி நின்றதும் கமலாக்ஷி டீச்சர் அவளை வாசல் கதவு வழியாக இழுத்துக்கொண்டு போய், யாருடையதோ கசவுப் புடவையைச் சுற்றிவிட்டு, கையில் தட்டைக் கொடுத்துவிட்டார். “பிள்ளை ஒண்ணு தூங்குது டீச்சர்” என்று அவள் சொன்னாள். “டிரைவர் பாத்துப்பார், அவர்தான் தினம் பாக்கறாரே” என்றார் டீச்சர். அதுவும் உண்மைதானே என்று பாக்கியலக்ஷ்மிக்குப் பட்டது.

ஆக, டிரைவர்களைக் கௌரவிக்க டிரைவரை வண்டியிலிருந்து இறக்கினார்கள். கௌரவிப்பதற்கு ஆள் போதாமல் ஆயாவையும் இறக்கினார்கள். ரமேஷ்பாபு வண்டியை எதிர்ப்புறத்துப் பழைய மிளகு கிடங்கின் முற்றத்துக்கு ஓட்டிப்போய், மற்ற பதினொன்றோடு வரிசையில் நிறுத்தி, பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். அலங்காரக் குழுவினர் வந்து கதவுக்குக் குறுக்கே வாழைக்கன்று கட்டி, கண்ணாடிக்குச் செவ்வந்தி மாலை போட்டார்கள். அதற்கு முன்பே, எட்டு பதினொன்றுக்கு, வண்டி வாசலைத் தொட்ட கணக்கில் சுபாஷிணியின் போனுக்குப் பள்ளியின் செயலி தானாகவே ஒரு செய்தி அனுப்பியிருந்தது: உங்கள் செல்வம் பத்திரமாகப் பள்ளி வந்தடைந்தது. அருகில் ஒரு பூ.

சீஃப் கெஸ்ட் வந்திருக்கவில்லை. அவர் வந்தபோது ஒன்பது பத்து. ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. எந்தத் துறையில் பெரியவராக இருந்தார் என்பது மேடையில் யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. அதுவரை பன்னிரண்டு டிரைவர்களும் சிவப்புத் துணி போர்த்திய நாற்காலிகளில், காலில் செருப்பில்லாமல், எதிரே ஆளுக்கொரு பித்தளைத் தாம்பாளத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். ஆபரேஷனுக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி.

கடவுள் வாழ்த்து முடிந்தது. வரவேற்புரை முடிவதாகத் தெரியவில்லை, பிறகு முடிந்தது. அப்புறம் யுகேஜி பிள்ளைகளின் ‘குட்டி சாரதிகள்’ நடனம்.

பதினாறு காக்கிச் சட்டைகள் காகித ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டு வந்தன. அழகர் தன் வண்டிப் பிள்ளைகளை எண்ணினார். எண்ணுவது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. ஏழாம் நம்பரில் யுகேஜி ஐந்து பேர். நாலுதான் ஆடின. முதல் வரிசையில் நடுவில் ஓரிடம் காலியாக இருந்தது. கீழே நின்று கையசைத்துக்கொண்டிருந்த நடன டீச்சர் அதைப் பார்த்தார்; இரண்டாம் வரிசையிலிருந்து ஒரு பிள்ளையைத் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். இடம் நிரம்பிவிட்டது. கைதட்டல்.

பிள்ளை எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. விழா நாள் என்பதால் வகுப்பில் ஆஜர் எடுக்கவில்லை.

காய்ச்சல் என்று எங்காவது படுக்க வைத்திருப்பார்கள், டீச்சர் மடியில் இருப்பாள் என்று அழகர் தனக்குத் தானே சொல்லிப் பார்த்தார். மேடைக்குக் கீழே ரமேஷ்பாபு நின்றிருந்தார். அவரைப் பார்த்து அழகர் கையால் சாவி திருகுவது போலக் காட்டினார். ரமேஷ்பாபு தன் வாயின் இரு ஓரங்களிலும் விரலை வைத்து இழுத்துக் காட்டினார். சிரிக்க வேண்டுமாம்.

பக்கத்து நாற்காலியில் வெங்கடேஸ்வரன் இருந்தார். மூன்று தலைமுறையாக மட்டாஞ்சேரியில் சுக்கு வியாபாரம்; நெற்றியில் சந்தனம், மடியில் ஆறு பக்க உரை.

“சார், ஒரு நிமிஷம் போய்ட்டு வந்துர்றேன்.”

“மூத்ரமா? அடக்கிக்கோ அழகரே.”

“அதில்ல சார், வண்டியில ஒரு பிள்ளை...”

“எல்லாக் குட்டிகளும் இங்கேயாக்கும் இருக்கு, பாக்கலையா? இப்போ என் பிரசங்கம். லைவ் போயிண்டிருக்கு. நீ எழுந்தா பிரேம் கெட்டுப் போகும். சிரிச்சுண்டு இரு, பயப்படண்டாம்.”

அவர் எழுந்து மைக்கைப் பிடித்தார். ஒரு குழந்தை காலையில் முதலில் பார்க்கும் தெய்வம் ஓட்டுநர் என்றார். ஆசிரியர் அறிவைத் தருகிறார், ஓட்டுநரோ ஆசிரியரிடம் குழந்தையைத் தருகிறார் என்றார். இதைச் சொல்லிவிட்டுக் கைதட்டலுக்காக நிறுத்தி, வராததால் மறுபடியும் சொன்னார். “நம்ம குட்டிகளோட ஒவ்வொரு மூச்சும் இவா கையிலேயாக்கும்!” என்று அவர் முழங்கியபோது பந்தலுக்கு மேலே வெயில் நன்றாக ஏறியிருந்தது. மேடையில் நாலு மின்விசிறிகள். அப்படியும் அழகரின் புதுச் சட்டை முதுகோடு ஒட்டியது. மூடிய வண்டிக்குள் விசிறி கிடையாது. பிள்ளைகள் பக்கத்துப் பன்னிரண்டு கண்ணாடிகளையும் அவரே காலையில் துடைத்து இறுக்கி மூடியிருந்தார், வண்டி பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற உத்தரவுப்படி.

எழுந்து போனால் என்ன ஆகும்? பிள்ளை டீச்சர் மடியில் இருந்துவிட்டால், விழாவைக் கெடுத்தவன் என்று சீட்டுக் கிழியும். ஊரில் மகள் நர்ஸிங் இரண்டாம் வருஷம். அழகர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்படி உட்கார்ந்திருக்கிற தன் மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

பாதபூஜை தொடங்கியது. பன்னிரண்டு மாணவர்கள் பித்தளைச் செம்போடு வந்தார்கள். அழகர் முன்னால் வந்தவன் வெங்கடேஸ்வரனின் மகன் சங்கர்ராம், ஐந்தாம் வகுப்பு. அப்பாவின் காரில் வருகிற பையன். பள்ளி பஸ்ஸின் படியை மிதித்ததே இல்லை. அவன் அழகரின் கட்டைவிரலைப் பார்த்தான். கிளட்சிலும் பிரேக்கிலும் ஒன்பது வருஷம் தேய்ந்த விரல்.

“அங்கிள், இதைத் தொடணுமா?” என்று மெதுவாகக் கேட்டான்.

“வேணாம் கண்ணு. தண்ணிய மட்டும் தூரத்துல இருந்து ஊத்து.”

பையன் நன்றியோடு ஊற்றினான். ரோஜா இதழ் மிதக்கிற தண்ணீர் காலில் விழுந்தபோதுதான் ஆரத்தித் தட்டோடு பாக்கியலக்ஷ்மி மேடையின் ஓரப் படியில் ஏறினாள். எட்டு பத்துக்குப் பிறகு அழகர் அவளை இப்போதுதான் பார்க்கிறார். கன்னத்தில் உள்ளங்கையை வைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டினார்: தூங்கின பிள்ளை? பாக்கியலக்ஷ்மி இல்லை என்று தலையாட்டிவிட்டு, விரலை அவர் பக்கம் நீட்டினாள்: நீங்க பாக்கலியா?

அழகர் எழுந்தார். தாம்பாளம் கவிழ்ந்து, தண்ணீரும் ரோஜாவும் சிறப்பு விருந்தினரின் பட்டுக்கரை வேட்டியில் பாய்ந்தன. “ஏய், ஏய், எங்கே போறே?” என்று வெங்கடேஸ்வரன் மைக்கிலேயே கத்தினார், அது அக்கரையில் வல்லார்பாடம் தீவு வரைக்கும் கேட்டிருக்கும். அழகர் மேடையிலிருந்து குதித்து, ஈரக் காலோடு வழுக்கி விழுந்து, எழுந்து ஓடினார். செருப்பைத் தேட நேரமில்லை. தார் ரோடு காலைச் சுட்டது. பின்னால் ரமேஷ்பாபு “டிரைவர்! டிரைவர்!” என்று ஓடி வந்தார். அண்ணன் உறவு அத்தோடு முடிந்தது.

பூமாலையோடு ஏழாம் நம்பர் மாப்பிள்ளை மாதிரி நின்றது. வாழைக்கன்றைப் பிடுங்கி எறிந்தால் கதவு பூட்டியிருந்தது. டிரைவர் பக்கத்து ஜன்னலில் ஒரு கொக்கி உடைந்திருந்தது. சரிசெய்யச் சொல்லி ஆறு மாதமாக எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நிர்வாகம் எதையும் உடனே சரிசெய்கிற நிர்வாகமாக இருந்திருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். கண்ணாடியைத் தள்ளி, டயரில் கால் வைத்து ஏறி, தலையை முதலில் நுழைத்து உள்ளே விழுந்தார். உள்ளே காற்று, கொதிக்கிற பானையின் மூடியைத் திறந்த மாதிரி முகத்தில் அடித்தது.

கடைசி சீட்டில் இல்லை. அதற்கு அடியில் இருந்தாள். தரை கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கும் என்று அந்த ஐந்து வயது அறிவுக்குத் தோன்றியிருக்கிறது. காக்கிச் சட்டையைக் கழற்றிப் போட்டிருந்தாள். தண்ணீர் பாட்டில் காலி. ஜட்டியும் தரையும் ஈரம். அழுது அழுது குரல் போய்விட்டிருந்தது. உதடு மட்டும் அசைந்தது.

“அங்கிள்... ஸ்கூல் வந்தாச்சா?”

அழகர் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, உள்ளிருந்து அவசரக் கதவை உதைத்துத் திறந்து இறங்கினார். பாக்கியலக்ஷ்மி கசவுப் புடவை தடுக்கத் தடுக்க ஓடி வந்தாள். ஒரு கையில் இன்னும் தட்டு இருந்தது. அதைக் கீழே போட்டுவிட்டுப் புடவைத் தலைப்பைக் குழாயில் நனைத்துப் பிள்ளையின் உடம்பைத் துடைத்தாள். “எம்மா, எம்மா, என்னப் பெத்த தாயி” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். வந்துசேர்ந்த ரமேஷ்பாபு முதலில் பிள்ளையைப் பார்க்கவில்லை. ரோட்டுப் பக்கம் யாராவது போனில் படம் எடுக்கிறார்களா என்று பார்த்தார்.

“ஆட்டோ கூப்பிடு சார்! நிக்கிறியே மரம் மாதிரி!” என்று அழகர் வாழ்க்கையில் முதல் தரமாக அவரை ஒருமையில் அதட்டினார்.

அம்ருதா ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாள். பிழைத்துக்கொண்டாள். இன்னும் கால் மணி போயிருந்தால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். விழாவும் தடையின்றி நடந்தது. சிறப்பு விருந்தினருக்கு வேறு வேட்டி கிடைத்தது, பாயசம் நன்றாக இருந்ததாகப் பலரும் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் எழுதினார்கள்.

சனிக்கிழமை விசாரணை. வெங்கடேஸ்வரன், ரமேஷ்பாபு, எதிரே சுபாஷிணி. மேஜையில் விதிமுறைப் புத்தகம்.

“பதினோராம் விதி” என்று ரமேஷ்பாபு வாசித்தார். “பயணம் முடிந்ததும் ஓட்டுநர் வண்டி முழுவதையும் பரிசோதிக்க வேண்டும். பரிசோதிச்சீங்களா, டிரைவர்?”

“நீங்கதான சார் சாவியப் பிடுங்கினீங்க? பிள்ளை இருக்குன்னு சொன்னேன்ல?”

“நான் கேட்டேன். நீங்க குடுத்தீங்க. குடுத்தீங்களா இல்லையா?”

“குடுத்தேன்.”

“அதை எழுதிக்கோ” என்றார் வெங்கடேஸ்வரன். “அடுத்தது. அனுமதி இல்லாம ஸ்டேஜிலேந்து இறங்கினது எதுக்காக்கும்?”

“வண்டியப் பரிசோதிக்கத்தான் சார்.”

“அதையும் எழுதிக்கோ.”

அழகர் சுபாஷிணியைப் பார்த்தார். அவள் தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “எனக்கு எட்டு பதினொண்ணுக்கு மெசேஜ் வந்ததே அண்ணா” என்றாள், அழுகிற குரலில். “பத்திரமா வந்தாச்சுன்னு வந்ததே. நான் யாரை நம்பறது?” காய்ச்சல் மருந்து கொடுத்து ஏற்றிவிட்டதை அவள் சொல்லவில்லை. அழகரும் சொல்லவில்லை. சொல்ல வாய் வந்தது. அந்த அறையில் ஏற்கெனவே துப்பிய எச்சில் போதும் என்று தோன்றி வாயை மூடிக்கொண்டார்.

ஒரே தாளில் இரண்டு குற்றச்சாட்டுகள் தட்டச்சாகி வந்தன. ஒன்று, வண்டியைப் பரிசோதிக்கத் தவறியது. இரண்டு, வண்டியைப் பரிசோதிப்பதற்காக விழாவைக் குலைத்தது. இரண்டுக்கும் கீழே ஒரே கையெழுத்துப் போதும் என்றார்கள். அடுத்த மாதம் பள்ளி மலரில் ‘குழந்தைப் பாதுகாப்பில் நமது விழிப்புணர்வு’ என்று வெங்கடேஸ்வரன் எழுதிய கட்டுரை வந்தது. ஆபத்தான நேரத்தில் சங்கம் எடுத்த துரித நடவடிக்கை அதில் மூன்று பத்திக்கு விரிந்தது.

அழகர் இப்போது பள்ளுருத்தியில் குடிநீர் லாரி ஓட்டுகிறார்.